முறிந்ததைப் பொருத்தும் கணக்கு

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், செங்குன்றத்தைக் கடந்து கவரைப்பேட்டையை அடையுமுன் வருவது புதுவாயல். ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த வட்டாரம் இது. இன்று காலை வேளையில் அச்சாலையோரம் நின்று பார்ப்பவர்கள் இருவகைப் பேருந்துகளைக் காணலாம். ஒருவகை, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்வது. மற்றது, பொறியியல் கல்லூரிகளுக்கு மாணவரை ஏற்றிச் செல்வது. 1995-இல் கவரைப்பேட்டையில் ஆர்.எம்.கே. பொறியியற் கல்லூரி தோன்றியது. 2008-இல் புதுவாயலிலேயே ஆர்.எம்.கே. பொறியியல் மற்றும் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. ஏர் உழுத மண்ணில் இன்று எண்ணும் எழுத்தும் விளைகின்றன.

இத்தகைய கல்லூரிகளில் காலடி வைக்கும் பிள்ளை முதற்பருவத்திலேயே எதிர்கொள்வது கணிதத்தை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில் முதற்பருவக் கணிதத்தின் முதல் அலகு அணிகள் பற்றியது. மூன்று வரிசையும் மூன்று நிரலும் கொண்ட ஓர் அணிக்கு ஐகென் மதிப்புக் காண வேண்டுமானால், முப்படிச் சமன்பாடு ஒன்றைத் தீர்த்தாக வேண்டும். பிள்ளை இடறுவது பெரும்பாலும் அந்தப் புதிய கருத்தில் அன்று, பழைய இயற்கணிதத்தில்தான். ஓர் உறுப்பைப் பக்கம் மாற்றுகையில் குறி பிழைபடுகிறது. பின்னத்தைச் சுருக்குகையில் தொகுதி தவறுகிறது. விடை தவறுகிறது, தேர்வும் தவறுகிறது. "கணக்கு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வராது" என்று பெற்றோர் பெருமூச்சு விடுகின்றனர்.

அந்தப் பெருமூச்சுக்கு மறுமொழி தேடி வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம். ஏனெனில், எந்தக் கணக்கு நம் வீட்டுக்கு அயலானது என்று அஞ்சுகின்றோமோ, அந்தக் கணக்கு வீட்டு வழக்கைத் தீர்ப்பதற்கென்றே எழுதப்பட்ட ஒன்றாகும்.

திண்ணையில் இருந்த கணக்கு

முதலில் நம் மண்ணின் கணக்கைப் பார்ப்போம். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை ஓதி மனனம் செய்தனர். முழு எண்ணோடு அவர்கள் நிற்கவில்லை. கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி எனக் கீழ்வாய் இலக்கங்களில் இறங்கினர். வீசம் பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அதற்கும் கீழே, முந்திரியை மீண்டும் முந்நூற்றிருபது கூறாக்கினால் வருவது கீழ்முந்திரி. அது 1,02,400-இல் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய பின்னத்தைத் தாளும் கோலும் இன்றி நாவிலேயே வைத்திருந்தது தமிழ்ச் சமூகம்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுக் கல்வி பற்றி விசாரணை நடத்தினார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். இப்பள்ளிகளிலிருந்து வந்தவர்களே ஊர்க் கணக்கையும் கடைக் கணக்கையும் கட்டிக் காத்தனர். புதுவாயலுக்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ள பழவேற்காட்டையும் இங்கே நினைக்கலாம். அங்கே டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டியதே துணி வாணிபத்திற்காகத்தான். முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் வாழ்ந்த அத்துறைமுகத்தில், நெசவாளனின் முழமும் மாலுமியின் கூலியும் தரகனின் பங்கும் பின்னம் தெரியாமல் ஒரு நாளும் நகர்ந்திரா.

ஆயினும் இக்கணக்கு பெரிதும் தெரிந்ததிலிருந்து தெரிந்ததைப் பெறுவது. விலையும் அளவும் தெரிந்தால் தொகையைச் சொல்லலாம். கேட்கும் பொருளே கேள்விக்குள் ஒளிந்திருந்தால் என் செய்வது? அங்கேதான் இயற்கணிதம் பிறக்கின்றது.

பக்தாதில் ஒரு நூல்

ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. கலீபா மஃமூன் 813 முதல் 833 வரை ஆண்ட காலம். பக்தாதின் பைத்துல் ஹிக்மா என்னும் அறிவகத்தில் பணியாற்றிய முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மி, அல்ஜப்ரு, அல்முகாபலா என்னும் இரு செயல்களைப் பெயரிலேயே தாங்கிய கணக்கு நூலொன்றை இயற்றினார். வாரிசுரிமை, மரண சாசனம், பாகப் பிரிவினை, வழக்கு, வாணிபம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் எது தேவையோ அதைத் தருவதே தம் நோக்கமென முன்னுரையில் அவர் குறிப்பிடுகின்றார். நூலின் ஏறத்தாழப் பாதி, வாரிசுப் பங்கையும் மரண சாசனத்தையும் பற்றிய கணக்குகளே.

அல்ஜப்ரு என்றால் முறிந்ததைப் பொருத்துதல். எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டும் தொழிலையும் அச்சொல் குறிக்கும். ஸ்பெயின் நாட்டில் எலும்பு வைத்தியனை 'அல்ஜிபிரிஸ்தா' என்றே நெடுங்காலம் அழைத்தனர். அரபியில் பின்னத்திற்குப் பெயர் 'கஸ்ர்'. அதன் பொருள் முறிவு. கணக்கில் ஒரு பக்கம் குறைந்து கிடப்பதை நிறைவாக்கி, அதே அளவை மறுபக்கமும் கூட்டுவது அல்ஜப்ரு. இரு பக்கமும் உள்ள ஒரே இனத்தை எதிர் எதிரே நிறுத்திக் கழிப்பது முகாபலா. இவ்விரண்டே அந்நூலின் அடித்தளம்.

எளிய கணக்கு ஒன்றால் இதை விளக்குவோம். முதலில் எண்கணிதம். ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறக்கின்றார். தந்தை முன்னரே காலமானவர். கடன் போக எஞ்சிய சொத்து 7,20,000 ரூபாய். ஃபராயிள் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று 90,000. தாய்க்கு ஆறில் ஒன்று 1,20,000. மீதி 5,10,000, அதில் மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்குமாக, முறையே 3,40,000, 1,70,000. சொத்தை 72 கூறாக்கினால் 9, 12, 34, 17 என மிச்சமின்றி முடிகின்றது. நம் ஊர் ஆலிம் பெருமக்கள் காலங்காலமாகச் செய்துவரும் கணக்கே இது. பின்னமும் பொது மடங்கும் தெரிந்தால் போதும்.

இனி இயற்கணிதம். வேறொருவருக்கு வாரிசுகள் மூன்று மகன்கள் மட்டுமே. சொத்து 4,00,000 ரூபாய். அவருடைய மரண சாசனம் இது: "என் மகன் ஒருவனுக்குக் கிடைக்கும் பங்கில், மொத்தச் சொத்தின் பத்தில் ஒன்றைக் குறைத்து, அதை அநாதைப் பிள்ளைகளுக்குத் தருக." அநாதைகளின் பங்கை அறிய மகனின் பங்கு தெரிய வேண்டும், மகனின் பங்கை அறிய அநாதைகளின் பங்கு தெரிய வேண்டும். ஒன்று மற்றொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றது. எத்துணை எண்சுவடியை ஓதியிருப்பினும் இங்கே நேர்வழி கிட்டாது.

அல் குவாரிஸ்மி காட்டும் வழி யாது? தெரியாததற்கு 'ஷைஉ', அதாவது 'பொருள்' என்று பெயரிடு. தெரிந்தது போலவே அதை நடத்து. மகனின் பங்கு ஒரு 'பொருள்'. மூன்று மகன்களுக்கு மூன்று பொருள். அநாதைகளுக்கு ஒரு பொருளில் 40,000 குறைவு. ஆக, நான்கு பொருளில் 40,000 குறைந்தது 4,00,000-க்குச் சமம். இடப்பக்கம் முறிவுபட்டு நிற்கின்றது. அந்த 40,000-ஐ இட்டு நிரப்புக. மறுபக்கமும் அதையே கூட்டுக. இதுவே அல்ஜப்ரு. நான்கு பொருள் 4,40,000. ஒரு பொருள் 1,10,000. அநாதைகளுக்கு 70,000. மூன்று மகன்களின் 3,30,000-உடன் சேர்த்தால் கணக்கு நேராகின்றது. சாசனமும் மூன்றில் ஒரு பங்கென்ற வரம்புக்குள் அடங்குகின்றது.

கல்லூரி மாணவன் "பக்கம் மாற்றினால் குறி மாறும்" என்று மனனம் செய்கின்றானே, அந்த விதி இதுதான். எதுவும் பக்கம் தாவிக் குறி மாற்றிக்கொள்வதில்லை. இருபுறமும் நீதி தவறாமல் ஒரே அளவு கூட்டப்படுகின்றது, அவ்வளவே. இதை அறிந்தவனுக்குக் குறி தவறாது. மனனம் செய்தவனுக்கோ தேர்வு மண்டபத்தில் மறந்து போகும்.

வழியில் விடுபட்டது

இயற்கணிதம் முழுவதும் முஸ்லிம்களின் கண்டுபிடிப்பே என்று மார்தட்டுவது வரலாறாகாது. பாபிலோனியரும் கிரேக்கரும் முன்னரே இத்துறையில் நடந்தனர். நம் நாட்டுப் பிரம்மகுப்தர் 628-இல் சுழியத்துக்கும் குறை எண்ணுக்கும் விதி வகுத்தார். அல் குவாரிஸ்மியோ குறை எண்ணை விடையாக ஏற்கவில்லை. எட்டாம் நூற்றாண்டில் இந்திய வானநூல் அறிவு பக்தாதை அடைந்தது. இந்திய எண்முறையை விளக்கி அல் குவாரிஸ்மி தனி நூலே எழுதினார். அதன் இலத்தீன் வடிவின் வழியாக அவர் பெயரே திரிந்து 'அல்காரிதம்' என்னும் சொல்லாயிற்று. அறிவு ஒருவர் வீட்டுக் கிணறன்று. பல ஊர் கடந்துவரும் ஆறு.

ஆனால் அந்த ஆறு வழியில் ஒன்றை விட்டுச் சென்றது. 1145-இல் செஸ்டர் நகர இராபர்ட் ஸ்பெயினின் செகோவியாவில் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியருக்கு வேண்டியது சமன்பாட்டு முறை. ஆகவே வாரிசுப் பகுதி அங்கே செல்லவில்லை. பின்னர் 1557-இல் இராபர்ட் ரெக்கார்டு சமக்குறியைத் தந்தார். 1637-இல் தெக்கார்த் தெரியாதவற்றுக்கு எக்ஸ், ஒய் போன்ற எழுத்துகளை நிலைபெறச் செய்தார். கணக்கு கூர்மை பெற்றது, வேகம் பெற்றது. ஆனால் வீடும் வாரிசும் அநாதையும் பக்கத்திலிருந்து மறைந்தனர். வாரிசுப் பகுதியோடு கூடிய நூலை 1831-இல் பிரெடரிக் ரோசன் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளியிட்ட போது, பாடநூல்களின் வடிவம் எப்போதோ உறைந்துவிட்டது.

அந்த வடிவமே நமக்குத் திரும்பி வந்தது. 1794-இல் சென்னைக் கோட்டையில் எட்டு மாணவருடன் தொடங்கிய நில அளவைப் பள்ளி, பின்னர் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர் இருவர்: சி.வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். அவர்களுள் விசுவநாதபிள்ளை 'வீசகணிதம்' என்று இயற்கணித நூலொன்றைத் தமிழிலேயே எழுதினார். தமிழில் இதைச் சொல்ல முடியும் என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மெய்ப்பிக்கப்பட்டது.

நம் சமுதாயப் பெரியோரும் வாளாவிருந்தாரில்லை. வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் தோன்றின. தோலும் துணியும் விற்றுச் சேர்த்த பொருளைக் கல்விக்கு வழங்கிய தலைமுறை அது.

இடையில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் பதினாறு அணா ரூபாய் நூறு காசு ரூபாயாயிற்று. அடுத்த ஆண்டிலிருந்து கிலோவும் மீட்டரும் வந்தன. நாட்டுக்கு இது நன்மையே. ஆயினும் வீசமும் அரைக்காலும் பேச்சிலிருந்து நழுவின. அவற்றோடு பின்னத்தை நாவில் புரட்டும் பயிற்சியும் நழுவியது. 1978-இல் கல்லூரியின் புகுமுக வகுப்பு நின்று மேல்நிலைப் பள்ளிப் படிப்பு வந்தபோது, எண்கணிதத்திலிருந்து உயர்கணிதத்துக்கு மாணவனை மெல்லக் கைப்பிடித்து ஏற்றும் படியும் கல்லூரியை விட்டு நீங்கியது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

புதுவாயல் நெடுஞ்சாலையில் பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளையிடம் குறையிருப்பதாக நான் எண்ணவில்லை. அவனுக்கும் கணக்குக்கும் இடையே ஒரு முறிவு நேர்ந்திருக்கின்றது. பின்னத்தின் பழக்கம் ஒருபுறம் அற்றது. கணக்கின் காரணம் மறுபுறம் அற்றது. முறிவைப் பொருத்துவதற்கு மருந்து நம் வீட்டிலேயே உண்டு.

வீட்டில் பாகப் பிரிவினை பேசும்போது பிள்ளைகளை, "பெரியவர் விஷயம், எழுந்து போ" என்று விரட்டாதீர்கள். அருகில் அமர்த்தித் தாளும் எழுதுகோலும் கொடுங்கள். மகளையும் அமர்த்துங்கள்; அவளுடைய பங்கு எத்தனை என்பதை அவளே கணக்கிட்டு அறியட்டும். பங்கு அறியாதவளின் பங்கு காணாமற் போவதை நாம் பார்த்ததில்லையா? ஜக்காத் கணக்கிடும் நாளில் நாற்பதில் ஒன்றை அவர்கள் கையால் பிரிக்கச் செய்யுங்கள். மத்ரஸாவில் ஃபராயிள் கற்பிக்கும் ஆசிரியரும் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியரும் ஒரு மாலைப் பொழுது கூடி அமர்ந்து, முதலாண்டு மாணவருக்கு இவ்விரு கணக்கையும் சேர்த்துச் சொல்லித் தரலாம். இதற்குக் கட்டடம் வேண்டா; நன்கொடைப் புத்தகம் வேண்டா.

பங்கு பிறழாமல் உரியவருக்கு உரியது சேர வேண்டும் என்ற கவலையில் எழுதப்பட்ட நூல் அது. பன்னிரண்டு நூற்றாண்டுக்குப் பின், அதே கணக்கின் பெயரைக் கேட்டு நம் வீட்டுப் பிள்ளை அஞ்சி ஒதுங்குவானாயின், அவனுக்கு உரிய பங்கொன்று அவனைச் சேராமற் போகின்றது. அதைச் சேர்ப்பிக்க வேண்டியவர்கள் நாம்.