துவையலும் சம்பலும்

வரலாறு எழுதப் புகுவோர் முதலில் அரசரின் முடியையும் போரையும் எழுதுவர். சற்றே கீழிறங்கி வருவோர் வணிகத்தையும் வரியையும் எழுதுவர். இலையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவிற்கு ஒதுங்கிக் கிடக்கும் துவையலை எழுதினோர் மிகச் சிலரே. அதனை எழுத நமக்கென்ன தகுதி என்று வினவின், அரைக்கத் தெரியாவிடினும் தின்னத் தெரியும் என்பதே நம் விடை. எனினும் இக்கட்டுரைக்குக் காரணமாய் நின்றது நாக்கின் ஆசையன்று, ஒரு வெட்கம்.

சென்ற ஆண்டு நம் தோட்ட அலுவலகத்தில் ஓய்வு பெறும் ஒருவருக்குத் தேநீர் விருந்து நடந்தது. மேசையின்மீது கடையில் வாங்கிய கண்ணாடிப் புட்டிகள் அணிவகுத்து நின்றன. மயோனைஸ் ஒன்று, சீஸ் கலவை ஒன்று, தக்காளிச் சாறு ஒன்று. நம் வாழ்க்கைத் துணைவியார் விடியலில் எழுந்து அரைத்துக் கொடுத்த கச்சான் துவையல் ஒரு கிண்ணம் நம் கையில் இருந்தது. ஆங்கிலத்தில் பயின்று, ஆங்கிலத்தில் கணக்கெழுதும் நாம், அக்கிண்ணத்தை மூடி திறவாமலே தேநீர்க் கெண்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தோம். உடன் பணிபுரியும் மலாய்ச் சகோதரி ஒருவர் அதனைக் கண்டு திறந்தார், கெரோப்போக் துண்டொன்றைத் தோய்த்துத் தின்றார், "இஃது எந்த ஊர்ச் சம்பல்?" என்று கேட்டார். உடனே நம் வெட்கம் வீம்பாக மாறிற்று. "இது சம்பலன்று, கலப்பற்ற தமிழ்ப் பண்டம், ஈராயிரம் ஆண்டுப் பழைமை உடையது" என்று அடித்துச் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டு இன்னொரு துண்டைத் தோய்த்தார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஒளித்து வைத்த பண்டத்தை அடுத்த கணமே ஈராயிரம் ஆண்டுப் பெருமை என்று ஏன் சொன்னோம்? ஒளித்ததும் பிழை, சொன்னதும் பிழை. அப்பிழையைத் தெளியும் பொருட்டே நூல்களைப் புரட்டலானோம்.

முதலில் சொற்களைக் காண்போம். துவைத்தல் என்றால் இடித்து நசுக்குதல். அதிலிருந்து வந்தது துவையல். சட்டினி என்பது வடக்கிலிருந்து வந்த சொல். நக்குதல் என்னும் பொருளுள்ள இந்தி வினையடியாகப் பிறந்தது. சம்பல் என்பது மலாய்க்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் பொதுச்சொல். ஒருவர் செய்கையால் பெயரிட்டார், மற்றொருவர் தின்னும் முறையால் பெயரிட்டார். பண்டம் ஏறக்குறைய ஒன்றே.

நிற்க. பண்டைத் தமிழர் தொட்டுக்கொள்ள எதனை வைத்திருந்தனர்? பெரும்பாணாற்றுப்படையைப் பார்ப்போர், மாதுளங்காயைப் பிளந்து மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்துச் சமைத்ததனையும், மாவடு ஊறுகாயையும் அங்கே காணலாம். சங்கத் தமிழில் கறி என்றாலே மிளகு. அந்நூற்களை எத்துணை முறை சலித்தாலும் ஒரு பொருள் மட்டும் அகப்படாது. அதுதான் மிளகாய்.

அகப்படாமைக்குக் காரணம் எளிது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் அக்கண்டத்தின் தீவுகளை அடையும்வரை ஆசியாவில் அதனைக் கண்டார் எவருமிலர். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தான். 1510இல் போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தனர். 1511இல் மலாக்காவைப் பிடித்தனர். அவர்தம் கப்பல்வழியே மிளகாய் நம் கரைகளில் இறங்கிற்று. புதுப்பொருளைக் கண்ட மக்கள் பழம்பொருளின் பெயரையே அதற்கு இட்டனர். மிளகைப்போல் காரமான காய் ஆதலின் நாம் மிளகாய் என்றோம். மலாயர் மிளகுக்குரிய லாடா என்னும் சொல்லை மிளகாய்க்கும் வழங்கினர். பின்னர் மிளகைப் பிரித்துக் காட்ட 'கறுப்பு லாடா' என்று சொல்ல நேர்ந்தது. ஆங்கிலேயரோ இன்றளவும் இரண்டையும் பெப்பர் என்றழைத்துக் குழம்புகின்றனர். கடல்களால் பிரிந்த மூன்று இனத்தார் ஒரே தடுமாற்றத்தில் விழுந்தது நமக்கு மிகுந்த களிப்பைத் தருகின்றது.

இனி நாம் ஒளித்து வைத்த அக்கிண்ணத்தையே பிரித்துப் பார்ப்போம். கச்சான், அதாவது தாய்நாட்டார் நிலக்கடலை என்பது, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மிளகாயும் அக்கண்டத்ததே. புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. நெடுங்காலத்திற்கு முன்பே இந்தியாவில் வேரூன்றிவிட்டமையால் அரேபியர் அதனை 'இந்தியப் பேரீச்சை' என்றே அழைத்தனர். ஒரு சிட்டிகை பெருங்காயம் ஈரானும் ஆப்கானிஸ்தானமும் விளைவித்தது. கறிவேப்பிலை ஒன்றைத்தான் நம்முடையது என்று துணிந்து சொல்லலாம். அதனைத்தான் பெரும்பாலோர் எடுத்து இலைக்கு வெளியே எறிகின்றனர்!

கலப்பற்றது என்று நாம் சொன்னது இவ்வாறு பொய்த்தது. வேடிக்கை என்னவெனில், நாம் வாழ்ந்த தோட்டமே அக்கண்டத்திலிருந்து வந்ததுதான். 1876இல் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அம்மரத்தின் வழித்தோன்றல்களுக்குப் பால் வெட்டத்தான் நம் முன்னோர் கப்பலேறினர். அமெரிக்க மரத்தின் நிழலில் அமர்ந்து, அமெரிக்க மிளகாயை அரைத்து, அமெரிக்க மரவள்ளிக் கிழங்கிற்குத் தொட்டுக்கொண்டு, 'இது நம் பழைய ஆசாரம்' என்று பேசிக்கொண்ட கூட்டம் நம் கூட்டம்.

கல்லைப் பற்றியும் ஒரு சொல். அம்மி தமிழருக்கே உரியது என்று எண்ணியிருந்தோம். மலாயர் பத்து கிலிங் என்று வழங்குவதும் தட்டைக்கல்லும் உருளைக்கல்லுமே. மெக்சிகோவின் பழங்குடியினர் மெட்டாட்டே என்னும் சாய்ந்த கல்லில், கையால் உருட்டும் குழவியைக்கொண்டு அரைத்தனர். மிளகாயும் தக்காளியும் வெண்ணெய்ப் பழமும் நசுக்கித் துவையல் செய்தனர். ஆங்கில விருந்துகளில் இன்று குவாக்கமோலே என்று பெருமையோடு வைக்கப்படுவது அதன் வழிவந்ததே. அதற்கு மேசையின் நடுவில் இடம், நம் துவையலுக்குக் கெண்டியின் பின்னால் இடம். இவ்விடத்தை ஒதுக்கியவர் எந்த வெள்ளைக்காரரும் அல்லர், நாமே.

வெள்ளைக்காரத் துரைமார் இவ்வகையில் நம்மைவிடத் தெளிவாயிருந்தனர் என்று சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அவர்தம் பங்களாக்களில் நடந்த கறிச் சாப்பாட்டில், துருவிய தேங்காய், வறுத்த கச்சான், வாழைப்பழத் துண்டு, மாங்காய்ச் சட்டினி எனப் பல சிறு கிண்ணங்கள் சூழ நிற்கும். அவை அனைத்தையும் சம்பல் என்னும் ஒரே பெயரால் அழைத்தனர்.

இனி அம்மியின் முன் அமர்ந்தவரைப் பற்றி எழுதாமல் இவ்வரலாறு நிறைவுறாது. குளிர்ந்த விடியற்பொழுதில்தான் ரப்பர் பால் நன்கு வடியும். ஆகையால் பொழுது புலருமுன் பிரட்டுக்கு ஆள் நிற்கவேண்டும். அதற்கும் முன்னெழுந்து, லயத்தின் பின்கட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், மிளகாயையும் தேங்காயையும் அரைத்தவள் பெண். பிறகு அவளே வாளியும் உளியும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஆணுக்கு 50 காசு கூலி என்றால் பெண்ணுக்கு 40 காசு என்னும் விகிதம் நிலைத்திருந்தது. அந்த 40 காசாவது செக்ரோலில் ஏறிற்று. அம்மிக்குச் செக்ரோலில் கட்டமே இல்லை. நாமும் பல ஆண்டுகளாகச் செக்ரோல் எழுதுகின்றோம். இக்கட்டுரைக்குக் குறிப்பெடுக்கும்வரை அக்கட்டம் இல்லை என்பதே நம் கண்ணில் படவில்லை.

சிலிம் ரிவர் என்றால் வெளியார் பலருக்கும் போர் ஒன்றே நினைவுக்கு வரும். 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் வழியாகப் பெருஞ்சாலையில் இறங்கி, காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலம்வரை வந்துவிட்டன. பஞ்சாபியரும் கூர்க்கரும் ஐதராபாத் படையினரும் சிதறுண்டனர். அதன்பின் வந்த மூன்றரை ஆண்டுகளை லயங்களில் இருந்தோர் எவ்வாறு கழித்தனர் என்பதை எந்தப் போர் வரலாறும் விரித்துரைப்பதில்லை. தான் உண்ணும் அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த நாடு மலாயா; கப்பல் நின்றது, அரிசி அற்றது. ரப்பருக்கு விலையில்லை, கூலியுமில்லை. ஆடவர் பலர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளவில்லை. வீட்டில் இருந்தது மரவள்ளிக் கிழங்கு. அது வயிற்றை நிரப்பும், நாவிற்கு ஒன்றும் தராது. லயத்து வாசலில் ஒரு சிலி பாடிச் செடி இருந்தால் போதும். அச்சிறு மிளகாய் நான்கும் உப்பும் கிடைத்த வேளையில் கொஞ்சம் தேங்காயும் சேர்த்து நசுக்கி, அவித்த கிழங்கைத் தோய்த்துத் தின்றதாக நம் பாட்டியார் சொல்வார். "துவையல் இருந்ததால்தான் கிழங்கு தொண்டைக்குள் இறங்கிற்று" என்பது அவர் வாக்கு. வேறெந்தத் துன்பத்தையும் அவர் விரித்துச் சொன்னதில்லை.

அப்பாட்டியாரிடமே இரண்டு அம்மிகள் இருந்தன. ஒன்று வீட்டுக் கல், மற்றொன்று பெலாச்சான் அரைக்கும் கல். கூனியிறாலை உப்பிட்டு நொதிக்கவைத்து உலர்த்தியதே பெலாச்சான். சைவ நாட்களில் அதன் வாடை வீட்டுக்கல்லில் படலாகாது என்பது அவர் விதி. இதனை நாம் குறை சொல்ல வரவில்லை. ஒருவர் எதனை உண்பதும் தவிர்ப்பதும் அவர் உரிமை. ஆனால், 'இன்ன சாதியார் தொட்ட கல்' என்று ஒதுக்கும் வழக்கமும் அதே பின்கட்டில் இருந்ததே, அதனை என்னென்பது! சாதிக்கொரு லயமென ஒதுக்கிய தோட்டங்களும் இந்நாட்டில் இருந்தன. 1929 டிசம்பரில் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து ஈப்போ மாநாட்டில் பேசியதற்குப் பிறகும் பல்லாண்டு அவ்வொதுக்கல் முற்றும் ஒழியவில்லை. போர்த்துகீசியன் கொணர்ந்த மிளகாயைத் தீட்டென்று எவரும் தள்ளவில்லை; அடுத்த லயத்துப் பெண் அரைத்த மிளகாயைத் தள்ளினர்.

மலாக்காவில் இதற்கு மாறான காட்சி உண்டு. அல்புகெர்க் அந்நகரைப் பிடித்தபோது அங்கே தமிழ் வணிகர் செல்வாக்கோடு வாழ்ந்தனர். நைனா சாத்து என்று போர்த்துகீசியர் எழுதிய ஒருவருக்குப் பெண்டகாரா பதவியே தரப்பட்டது. அவ்வணிகர் வழியினரான மலாக்காச் செட்டிகள் வீட்டில் மலாய் பேசுவர். சைவ வழிபாட்டையும் விடவில்லை. சம்பல் பெலாச்சானும் அவர்தம் அடுக்களையில் உண்டு.

சிலிம் ரிவர்ப் பக்கத்து ஈர நிலங்களில் வல்லாரை தானே படரும். மலாயர் அதனைப் பெகாகா என்று பறித்து, பச்சையாகவே சம்பலில் தோய்த்து உலாம் என உண்கின்றனர். நாம் அதே இலையை வதக்கித் துவையலாக அரைக்கின்றோம். ஒரே பள்ளத்தில் இரு வீட்டுப் பெண்டிரும் குனிந்து பறித்ததை இளமையில் பார்த்திருக்கின்றோம். இன்று அப்பள்ளத்தைச் சுற்றி நிற்பது செம்பனை. லயத்தார் பெரும்பாலோர் நகர்ப்புற வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டனர்.

விருந்துக்குச் செய்ய விரும்பும் அன்பர்களுக்காக நம் துணைவியாரின் முறைகளை இங்கே தருகின்றோம். வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் ஒரு கோப்பை, வறுத்த காய்ந்த மிளகாய் ஆறு, பூண்டு இரண்டு பல், சிறு நெல்லிக்காயளவு புளி, உப்பு. மின் அரைவையில் இடுவோர் விட்டுவிட்டு அரைக்கவேண்டும். ஓயாமல் ஓடவிட்டால் சூடேறிக் கச்சானின் எண்ணெய் பிரிந்து பிசுக்காகும். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுக. வல்லாரையை வதக்கித் தேங்காயோடு அரைத்து, கெட்டித் தயிரில் கலந்தால் வெள்ளரித் துண்டுக்கும் கேரட்டுக்கும் மிகப் பொருந்தும். தேங்காய் சேர்ந்தவற்றை நம் நாட்டு வெப்பத்தில் காலையில் அரைத்து மாலைவரை வெளியே வைத்தல் தகாது, புளித்துவிடும். முன்கூட்டியே செய்துவைக்க விரும்புவோர், எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டக் காய்ச்சிய தக்காளித் தொக்கைச் செய்து குளிர்பெட்டியில் வைக்கட்டும். ஒரு வாரம் கெடாது. பெலாச்சானைத் தணலில் வாட்டிய பிறகே சிவப்பு மிளகாயோடு இடிக்கவேண்டும். கஸ்தூரி எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழிந்தால் போதும். இக்கடைசி முறை நம் துணைவியாருடையதன்று. விருந்துக்கு மறுவாரம் நாம் அம்மலாய்ச் சகோதரியிடம் நம் ஈராயிரம் ஆண்டுக் கூற்றைத் திருத்திச் சொன்னபோது, அவர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தது.

பாட்டியாரின் வீட்டுக்கல் லயத்தைக் காலி செய்த நாளில் அங்கேயே தங்கிவிட்டது, வண்டியில் இடமில்லை. பெலாச்சான் கல் மட்டும் நம் வீட்டுக் குழாயடியில் கிடக்கின்றது. மின்சாரம் தடைப்பட்ட ஒரு நாளில் துணைவியார் அதனைக் கழுவி, கச்சான் துவையலை அதில் அரைத்தார்.