சர்க்கஸ் விலங்குகளும் ஐவகை வழுக்களும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதம் கொலை ஒன்றினால் மட்டுமே கெடுவதன்று. உயிரைக் கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கும் அளவிற்கு மேல் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய ஐந்தும் அதற்கு நேரும் அதிசாரங்கள், அதாவது வழுக்கள், என்று உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துரைத்தார். சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்திலும் அவ்வைந்தையே எடுத்தோதினார். இவ்வைந்தினுள் ஒன்றேனும் உயிரை உடனே போக்குவதில்லை என்பது கருதத்தக்கது. விலங்கு உயிரோடுதான் இருக்கிறது, கூட்டம் கைதட்டுகிறது, ஆயினும் விரதம் பழுதுபட்டுவிடுகிறது. நம் நாட்டுச் சர்க்கஸ் கூடாரங்களில் நூறாண்டிற்கும் மேலாக நிகழ்ந்ததை அளந்தறிய இதனினும் பொருத்தமான அளவுகோல் கிடைப்பதரிது.

இன்றைய வடிவிலான சர்க்கஸ் 1768-இல் இலண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்னும் குதிரைவீரர் வட்டக் களத்தில் நடத்திய காட்சிகளில் தொடங்கியது. நாற்பத்திரண்டு அடி விட்டம் கொண்ட அவ்வட்டம் ஓடும் குதிரையின் முதுகில் மனிதன் நிலைத்து நிற்பதற்கென அமைந்தது. புலியும் சிங்கமும் அதனுள் புகுந்தது பிற்காலத்தில்தான். இந்தியாவில் குருந்த்வாட் அரசரிடம் குதிரைப் பயிற்சியாளராக இருந்த விஷ்ணுபந்த் சத்ரே, பம்பாய்க்கு வந்த கியாரினியின் இத்தாலியக் குழுவைக் கண்டு, 1880-இல் தமது ‘கிரேட் இந்தியன் சர்க்கஸ்’ குழுவைத் தோற்றுவித்தார். பின்னர்க் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் தலச்சேரிக்கு அருகில் சிறக்கரையில் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். அவர் கற்பித்தது மனித உடல் செய்யத்தக்க வித்தைகள். கயிற்றின்மேல் நடந்தவரும் ஊஞ்சலில் பறந்தவரும் அப்பள்ளியின் பெருமை. சர்க்கஸ் கலை விலங்கின்றி வாழவே முடியாது என்று பிற்காலத்தில் வழக்கு மன்றங்களில் வாதிட்டோர் இத்தோற்ற வரலாற்றை நினைந்திருக்கலாம்.

விலங்குகளின் நிலையோ வேறு. காட்சி நடக்கும் சிறு பொழுது போக எஞ்சிய நேரமெல்லாம் புலிக்கு வண்டிக்கூண்டே உலகம். ஊர் விட்டு ஊர் செல்லும் வழியிலும் அதுவே. இது கட்டுதல். நெருப்பைக் கண்டு விலகுவது அவ்விலங்கின் இயல்பு. எரியும் வளையத்தினூடே அது பாய்கிறதெனின், நெருப்பினும் மிகுந்த அச்சம் ஒன்று அதன் பின்னே நிற்கிறது என்பதே பொருள். இது அடித்தல். கரடியின் மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்ததும், நகம் பறித்ததும் அறுத்தலின்பாற்படும். அக்கரடியை மிதிவண்டி ஓட்டச் செய்வது, அதன் உடல் ஏற்கவியலாத சுமை. சொன்னபடி செய்தால்தான் இரை என்று பட்டினியிட்டுப் பழக்குவது ஐந்தாவது. ‘அன்பினால் பழக்கினோம்’ என்ற கூற்று அக்காலத்தில் பரவலாக வழங்கியது. பழக்கியவருள் தம் விலங்கை நேசித்தவரும் இருந்திருப்பர், மறுப்பதற்கில்லை. எனினும் அந்நேசம் கூண்டின் தாழைத் திறக்கவில்லை.

சட்டத்தின் வழியே இதற்கு விடை தேடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவை நிறுவியவராகவே தமிழுலகம் அவரைப் பெரிதும் அறியும். 1977-இல் குடியரசுத் தலைவர் பொறுப்பிற்கு மொரார்ஜி தேசாய் அழைத்தபோதும் ஏலாத பெருமாட்டி அவர். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபின், விலங்குவதைத் தடுப்பிற்கெனத் தனியுறுப்பினர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே அத்தகைய சட்டத்தை இயற்றும் எனப் பிரதமர் நேரு உறுதி கூறியதன்பேரில் அதனைத் திரும்பப் பெற்றார். அவ்வுறுதி 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமாக உருப்பெற்றது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர். அதன் தலைமையகமும் சென்னையிலேயே அமைந்தது.

அச்சட்டத்தின் பதினொன்றாம் பிரிவைப் படிக்கும் சைனர் வியப்புறுவர். அடித்தல், மிகைச்சுமை ஏற்றுதல், குறுஞ்சங்கிலியால் நெடுநேரம் பிணித்தல், உறுப்புச் சிதைத்தல், உணவும் நீரும் உறைவிடமும் அளியாமை ஆகியவை அங்கே குற்றங்களாக நிற்கின்றன. ஆசாரியர் சுட்டிய ஐந்தும் பாராளுமன்றச் சொற்களில் மீண்டும் எழுந்தன எனலாம்.

ஆனால், அதே சட்டத்தின் ஐந்தாம் அத்தியாயம் விலங்குக் காட்சிகளைத் தடுக்கவில்லை. பதிவு பெற்று நடத்துக என்றது. குறிப்பிட்ட விலங்குகளைப் பழக்கவும் காட்டவும் தடைவிதிக்கும் அதிகாரத்தை இருபத்திரண்டாம் பிரிவு மத்திய அரசிற்கு வழங்கிற்று. அவ்வதிகாரம் சர்க்கஸ் விலங்குகளுக்காகப் பயன்படுத்தப்பட்டது 1991-இல்! இடைப்பட்ட முப்பதாண்டுகளில், 1973-இல், புலி தேசிய விலங்காயிற்று. புலிகள் காப்புத் திட்டமும் தொடங்கிற்று. தேசிய விலங்கு கூடாரங்களில் தீவளையம் தாண்டிக்கொண்டே இருந்தது.

1991 அறிவிக்கையைச் சர்க்கஸ் உரிமையாளர் எதிர்த்தனர். வழக்கு, மறு ஆய்வு, குழுவின் அறிக்கை எனக் காலம் கழிந்து, 1998 அக்டோபர் 14 அன்று கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்திற்கும் தடை அறிவிக்கப்பட்டது. தொழில் செய்யும் உரிமை பறிபோயிற்று என்று உரிமையாளர் முறையிட்டதைக் கேரள உயர்நீதிமன்றம் 2000 ஜூன் மாதத்திலும் உச்சநீதிமன்றம் 2001 மே 1 அன்றும் தள்ளுபடி செய்தன. கூடாரத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளரின் கவலை பொய்யன்று. அவர்களுக்கென மாற்று வழி காண எவரும் பெரிதும் முயன்றிலர் என்பதும் உண்மை. அக்கூடாரங்களில் சிறாரும் பணிக்கு வைக்கப்பட்டிருந்தனர். அதனைத் தடுக்க உச்சநீதிமன்றம் ஆணையிட்டது 2011-இல்தான். அதே ஆண்டில் காளையும் தடைப்பட்டியலில் சேர்ந்தது. அதனால் தமிழகத்தில் எழுந்த பூசல் தனிக் கட்டுரைக்குரியது. யானை, ஒட்டகம், குதிரை, நாய் ஆகியன 1998 பட்டியலில் இடம்பெறவில்லை. சர்க்கஸில் எல்லா விலங்குகளையும் விலக்கும் விதித் திருத்த வரைவை அரசு வெளியிட்டது 2018-ஆம் ஆண்டின் இறுதியில்.

விடுவிக்கப்பட்ட சிங்கங்களும் புலிகளும் காட்டிற்குச் செல்லவில்லை. கூண்டிலே பிறந்து வேட்டையறியா அவை அங்கே பிழைக்கமாட்டா. வண்டலூர், பன்னார்கட்டா, திருப்பதி, விசாகப்பட்டினம் முதலிய இடங்களில் மீட்பு மையங்கள் அமைத்து அவற்றைப் பேணினர். சிங்கங்களுட் பல, ஆசிய இனமும் ஆப்பிரிக்க இனமும் கலந்து பிறந்தவை. அவை மேலும் பெருகலாகாது என்று ஆண் விலங்குகளுக்குக் கருத்தடைச் சிகிச்சை செய்யப்பட்டது. இதுவும் அறுத்தல்தானே என வினவுவோர் உளர். வருங்காலக் குட்டிகளும் கூண்டிலேயே பிறக்காதிருக்கச் செய்தது என்பது மறுதரப்பு. அடியும் பட்டினியும் நீங்கி, கம்பிகளுக்குள்ளேயே அவை முதுமை எய்தின, ஒவ்வொன்றாய் இறந்தன, கூண்டுகள் ஒவ்வொன்றாய் வெறுமையாயின.