குல்கந்தும் வெற்றிலைக் காம்பும்

குல்கந்து பாரசீகச் சொல். குல் என்றால் ரோஜா, கந்த் என்றால் சர்க்கரை. நம் கற்கண்டில் இருக்கும் ‘கண்டு’ அந்தக் கந்துக்கு உறவுக்காரச் சொல். பன்னீர் ரோஜா இதழையும் சர்க்கரையையும் மாற்றி மாற்றி அடுக்கி, வெயிலில் வைத்துப் பதமாக்குவார்கள். திருப்பூர் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. பிள்ளைக்கு இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை என்றால், குல்கந்து ஒரு ஸ்பூன் கொடுங்க என்பார்கள் பெரியவர்கள். அந்த யோசனைக்குப் பின்னால் ஆயிரம் வருட வரலாறு இருக்கிறது.

யுனானி என்ற பெயர் கிரேக்கத்தைக் குறிக்கும். ஆனால் கிரேக்க வைத்தியத்தை எடுத்து வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் பாரசீகர்கள். இன்றைய தெஹ்ரானுக்குப் பக்கத்தில் ரேய் என்ற ஊரில் பிறந்த ராஜி, குழந்தை நோய்களுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். அவருக்குப் பின் வந்தவர் இப்னு சீனா (980–1037). அவருடைய ‘கானூன்’ லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது.

கைக்குழந்தைகளுக்கு வரும் நோய்களைப் பற்றி அதில் ஒரு பகுதி உண்டு. அங்கே அவர் முதலில் பார்க்கச் சொல்வது பால் கொடுக்கிறவளை. அவள் உடம்பையும் சாப்பாட்டையும் சரிசெய்தால் பிள்ளை சரியாகும் என்பது அவர் கணக்கு. மலம் கட்டினால் வயிற்றில் ஆலிவ் எண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடச் சொல்கிறார். தேனைக் காய்ச்சி, திரிபோல் உருட்டி ஆசனவாயில் வைக்கவும் சொல்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அமுச்சி ஞாபகம்தான் வந்தது. ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் விளக்கெண்ணெய், தேன் திரிக்குப் பதில் வெற்றிலைக் காம்பு. காம்பை எண்ணெயில் தோய்த்து வைப்பார்கள். பெற்றவளுக்குப் பத்தியம் தனி. இப்னு சீனாவின் பெயரைக்கூட அமுச்சி கேட்டிருக்க வாய்ப்பில்லை. நம் சித்த மருத்துவத்திலும் குழந்தை வைத்தியத்துக்குப் பாலவாகடம் என்று தனிப் பிரிவே உண்டு. இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கின்றன.

யுனானிக்குத் தமிழ்நாட்டில் பழைய பிடிப்பு உண்டு. ஆற்காடு நவாபுகளின் அரசவை மொழி பாரசீகம். ஹக்கீம்களுக்கு அங்கே மதிப்பு இருந்தது. பிறகு 1921இல் சென்னை மாகாண அரசு, நாட்டு வைத்தியங்களை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1923இல் அறிக்கை வந்தது. 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கி, சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் ஒரே கூரையின்கீழ் சொல்லிக் கொடுத்தார்கள். நம் ஊருக்கு முதல் பனியன் எந்திரம் வந்ததாகச் சொல்லப்படுவதும் அதே 1925தான். அரசு யுனானி மருத்துவக் கல்லூரி 1979இல் சென்னையில் தொடங்கியது.

நிலாவாரையையும் சொல்ல வேண்டும். சென்னா என்று அலோபதியில் மாத்திரையாக வருகிறதே, அதே இலை. அரபு, பாரசீக வைத்தியர்கள் மூலம் உலகத்துக்குத் தெரிந்த மருந்து. பிறகு திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, அந்த ஊர்ப் பெயரிலேயே வெளிநாட்டுக்குப் போனது. குடலை முடுக்கிவிடும் சரக்கு என்பதால் பிள்ளைகளுக்கு நாமாகக் கொடுக்கக் கூடாது.

பழையது எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகலாம். தேன் சேர்த்த குல்கந்துக்கும் இது பொருந்தும். பிள்ளையின் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டுவதும் ஆபத்து. எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் சளிக்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். வெற்றிலைக் காம்பும் மெல்லிய இடத்தைக் கிழித்துவிடலாம். வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆனால் அந்த ஹக்கீமின் முதல் வார்த்தை இன்றைக்கும் பழசாகவில்லை. பிள்ளையைப் பார்க்கும் முன் அதை வளர்க்கிறவர்களைப் பார் என்றார். நம் ஊரில் அம்மாவும் அப்பாவும் ஷிப்டுக்குப் போகிறார்கள். ஓவர்டைம் என்றால் பிள்ளைக்கு டீயும் பன்னும் பிஸ்கட்டும்தான். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் பிள்ளைகள் அடக்கிக்கொள்கின்றன. அடக்க அடக்க மலம் இறுகுகிறது, இறுகினால் வலிக்கிறது, வலிக்குப் பயந்து மறுபடி அடக்குகின்றன. இதற்குக் குல்கந்து மட்டும் என்ன செய்யும்?

பேரன் பேத்திகளோடு பகலில் வீட்டில் இருப்பது நாம்தான். தண்ணீர், கீரை, கொய்யாப்பழம், சாப்பிட்டதும் அவசரப்படுத்தாமல் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரவைப்பது. இதைச் செய்ய நமக்கு நேரம் இருக்கிறதுங்க.