கோரமண்டலுக்குத் தென்மேற்கே ஒரு புலி

தங்கவயல் கோரமண்டலிலிருந்து தென்மேற்கே போனால் ஜவளகிரிக் காடு. பெங்களூர் கென்னத் ஆண்டர்சனின் 1954-ம் வருடப் புத்தகத்தில் அந்த ஊர்ப் புலி வருகிறது. ஒருவர் சுட்டதில் சாகாமல் காயத்தோடு தப்பிய பெண்புலி, பிறகு ஆட்கொல்லியானதாம். குமாவோனில் ஜிம் கார்பெட் 1907-ல் சுட்ட சம்பாவத் புலியும் இதே கதைதான்: பழைய குண்டடியில் கோரைப்பல் உடைந்து, 436 பேர் பலி.

ஆண்டர்சனிடம் இருந்தது .405 வின்செஸ்டர். ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன அதே ரகம். குண்டு 19 கிராம். (.22 ரைபிள் குண்டு 3 கிராம்கூட இல்லை, முயலுக்குச் சரி.) குறி தப்பினால் பெரிய குண்டும் வீண்தான், ஆனால் சின்னக் குண்டு சரியான இடத்தில் பட்டாலும் உள்ளே போய்ச் சேராது. அதன் கணக்கைத் தீர்த்தது காட்டோர கிராமத்து ஜனங்கள்.

1972 சட்டத்துக்குப் பிறகு இங்கே புலி வேட்டை குற்றம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் எல்க் மானுக்கு .24-க்குக் குறைந்த ரைபிளைத் தூக்கினால் அதுவும் குற்றம்.