வாடிக்கையாளர் பேரேடு

வாடிக்கையாளர் பேரேடு என்பது ஒரு வாடிக்கையாளரின் கட்டணம், வைப்புத்தொகை, செலுத்திய பணம், நிலுவை ஆகியவற்றைத் தேதி வரிசையில் காட்டும் பில்லிங் மென்பொருள் பதிவேடு ஆகும். கணக்கியலில் இது துணைப் பேரேட்டு வகையைச் சேர்ந்தது. கட்டணம் பற்றிலும் பெற்ற தொகை வரவிலும் பதிவாகும்: ரூ. 1,500 பில்லுக்கு ரூ. 1,000 வரவானால் நிலுவை ரூ. 500. திருப்பித் தரவேண்டிய வைப்புத்தொகை வருமானமாகாது, பொறுப்பாகக் காட்டப்படும்.

இதன் அடிப்படையான இரட்டைப் பதிவு முறையை லூக்கா பாச்சோலி 1494இல் வெனிஸில் அச்சான நூலில் விளக்கினார். இந்தியாவில் 1986இல் தொடங்கிய டேலி நிறுவனத்தின் மென்பொருள் கணினிவழிப் பேரேட்டைச் சிறு வணிகர்களிடமும் பரப்பியது.

நிலுவை வசூல், தணிக்கை, தகராறுத் தீர்வு ஆகியவற்றுக்கு வாடிக்கையாளர் பேரேடு சான்றாகிறது. இந்திய மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017இன்படி, ஒரு பொருள் அல்லது சேவை வழங்கலுக்காகப் பெற்ற வைப்புத்தொகையை வழங்குநர் விலையாக ஈடுசெய்துகொள்ளும்வரை அது அந்த வழங்கலுக்கான கட்டணமாகக் கருதப்படாது.