பனியனுக்குச் சான்று, பாலர் வகுப்புக்கு?



மே மாதம் வந்தால் உங்களில் பலர் போன் போட்டு, "டீச்சர், பாப்பாவை எந்த எல்கேஜியில சேர்க்கட்டுங்க?" என்று கேட்கிறீர்கள். பள்ளியின் பேரைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன்.

நம்ம திருப்பூர் பனியன் கடல் தாண்டிப் போக ஓக்கோ-டெக்ஸ், எஸ்ஏ 8000 என்று எத்தனை சான்று! பையர் அனுப்பும் ஆடிட்டர் தைக்கிற இடத்துக்கே வந்து பார்க்கிறார். நம் மூன்று வயதுக் குழந்தை இருக்கும் இடத்தை எப்படிப் பார்த்தார்கள்?

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48-வது பிரிவு, பெண் தொழிலாளர்களின் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. முதலில் 50 பெண்களுக்கு மேல் இருந்தால். 1976 திருத்தத்துக்குப் பின் 30 பெண்களுக்கு மேல் இருந்தால். ஆனால் இங்கே கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் என்று வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தக் கணக்கில் வராத அம்மாக்களுக்கு அங்கன்வாடியோ தெருமுனை நர்சரியோதான்.

அங்கன்வாடிக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் மீனா சுவாமிநாதன். 'வாசவேச்வரம்' நாவல் எழுதிய கிருத்திகாவின் மகள். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் மனைவி. அவர் தலைமையிலான குழு 1972-ல் அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவும் வந்தது. சாப்பாட்டையும் எடையையும் அளந்தார்கள். வகுப்பில் நடப்பதை அளக்கக் கருவி இல்லை.

அமெரிக்காவில் தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபோர்ட் இருவரும் 1980-ல் அதற்கென்றே ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். சென்னையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதை நம் ஊருக்கேற்ப மாற்றி 'டெசர்ஸ்' என்று அமைத்தார்கள். இந்த முறையில் ரிஜிஸ்டரை மட்டும் பார்த்தால் போதாது. வகுப்பறையில் உட்கார்ந்து கவனித்து மதிப்பெண் போட வேண்டும்.

2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிஞ்சுகள் போயின. அதன்பின் அங்கீகாரம் என்றாலே கூரை, மாடிப்படி, வெளியேறும் வழி என்று ஆனது. அது கட்டாயம் வேண்டும். ஆனால் அதோடு முடிந்துவிடக் கூடாது.

2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்கேஜி, யுகேஜி தொடங்கி, உபரி இடைநிலை ஆசிரியர்களை அனுப்பியது. அதே டிப்ளமோ படித்தவள் என்பதால் சொல்கிறேன்: எங்களுக்குக் கொடுத்த பயிற்சி ஒன்றாம் வகுப்புக்கு மேல்தான். மூன்று வயதுக்குப் பயிற்சியே வேறு.

ஆகவே கண்ணுகளா, அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். பிறகு அரை மணி நேரம் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள்? 2013 தேசியக் கொள்கையையொட்டி வந்த தர அளவுகள் 20 என்கின்றன. பொம்மைகள் பிள்ளை கைக்கு எட்டுகிறதா, பூட்டிய பீரோவில் இருக்கிறதா? அழும் பிள்ளையிடம் டீச்சர் குனிந்து பேசுகிறாரா? மூன்று வயதில் பென்சிலைத் திணிக்கிறார்களா? கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா?

செக்கிங் டேபிளில் ஊசித்துளி ஓட்டையைக்கூடக் கண்டுபிடிக்கிறவர்கள் நீங்கள். அதே கண்ணோடு வகுப்பறையையும் பாருங்கள். உட்கார விடமாட்டோம் என்று சொல்கிற பள்ளியாக இருந்தால், வேறு பள்ளி பாருங்கள்.

பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்