பத்து ராகமும் ஒரு டிஸ்கோ தட்டும்

ரீமிக்ஸ் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது பழைய பாட்டுக்குப் புது டிரம்ஸ் போடுவதுதான். 'சொர்க்கம்' (1970) படத்துப் பாட்டு ஒன்று 2007-இல் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் மறுபடி வந்ததே, அந்த மாதிரி. ஆனால் இசைத்தட்டு சேர்ப்பவர்களைக் கேட்டால் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வார்கள்.

பழைய தட்டை அப்படியே மறுபடி அச்சடித்தால் அது மறுவெளியீடு. கடைசியாகத் தயாரான ஒலிநாடாவை எடுத்துச் சத்தத்தைச் சீர்செய்தால் ரீமாஸ்டர். குரல், கிடார், டிரம்ஸ் என்று தனித்தனியாகப் பதிவான தடங்களுக்கே திரும்பிப் போய், எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று புதிதாகக் கலந்தால் ரீமிக்ஸ்.

கேட்க நன்றாக இருந்தால் போதாதா, எதுவாக இருந்தால் என்ன என்கிறீர்களா? ஒரு உண்மைக் கதை சொல்கிறேன்.

சரண்ஜித் சிங், பம்பாயில் இந்திப் படங்களுக்கு கிடாரும் சிந்தசைசரும் வாசித்தவர். 1981-இல் நாசியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே', அடுத்த வருடம் 'டிஸ்கோ டான்சர்' படம் என்று ஊரெல்லாம் டிஸ்கோ பைத்தியம். ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு 1982-இல் இவர் ஒரு எல்.பி. பதிவு செய்தார். டிஆர்-808 தாளம் போடும். டிபி-303 பேஸ் கிடாருக்குப் பதிலாக வந்த சின்னப் பெட்டி. ராகம் வாசிக்க ஜூபிடர்-8. எச்.எம்.வி. வெளியிட்ட அந்தத் தட்டில் பத்து இந்துஸ்தானி ராகங்கள். பூபாளி (நம்ம மோகனம்), யமன் (கல்யாணி), மால்கௌன்ஸ் (ஹிந்தோளம்) எல்லாம் உண்டு. தட்டு விற்கவில்லை. எல்லோரும் மறந்தும் போனார்கள்.

அதே டிபி-303 பெட்டியை வைத்து சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழு 1987-இல் ஒரு தட்டு வெளியிட்டது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசைவகை அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். 2002-இல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் சரண்ஜித் சிங்கின் பழைய தட்டைக் கண்டெடுத்தார். போட்டுக் கேட்டால், ஐந்து வருடம் முன்கூட்டியே அதே சத்தம்! பிறகு மும்பையில் அவரைத் தேடிப் பிடித்து, 2010-இல் 'பாம்பே கனெக்ஷன்' என்ற தன் லேபிளில் மறுவெளியீடு செய்தார்.

கேட்ட பலர் நம்பவில்லை. இப்போதைய ஆள் யாரோ செய்துவிட்டு 1982 என்று கதை விடுகிறார் என்றார்கள். அதற்குப் பதில் சொன்னது அந்தப் பழைய தட்டுதான். நல்ல பீட் சேர்த்து ரீமிக்ஸாக மட்டும் வெளியிட்டிருந்தால்? எது 1982, எது 2010 என்று யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. ரீமிக்ஸ் காதுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் சாட்சி சொல்ல மூலத் தட்டு வேண்டும். சரண்ஜித் சிங் வயதான காலத்தில் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015-இல் காலமானார். அந்த ஒரு தட்டு கிடைத்திராவிட்டால் அந்தக் கைத்தட்டல் அவருக்குக் கிடைத்திருக்காது.

சரி, நம்ம பக்கத்துத் தட்டுகள் எங்கே போயின? கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் மின்சார ரயிலில் போகிறவர்கள் சென்ட்ரல் பக்கத்தில் இறங்கும் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். 1900-இல் திறந்த மூர் மார்க்கெட் அங்கேதான் இருந்தது. பழைய புத்தகம், கிராமபோன், இசைத்தட்டு எல்லாம் பேரம் பேசி வாங்கலாம். 1985 மே மாதம் தீயில் எரிந்து போனது. வியாபாரிகள் அல்லிக்குளம் பக்கம் போனார்கள். அதற்குள் கேசட்டும் வந்துவிட்டது. வீட்டுப் பரணில் கிடந்த தட்டுகளில் எத்தனையோ பழைய பேப்பர்காரரிடம் போயின.

வணிகவியல் வகுப்பில் பல சொத்துகளுக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதச் சொல்லித் தருகிறார்கள். சில வருடங்களில் புத்தக மதிப்பு பூஜ்யம் ஆகிவிடலாம். சரண்ஜித் சிங் தட்டும் கணக்குப்படி என்றோ பூஜ்யம் ஆகியிருக்கும். ஆனால் தூக்கிப் போடாமல் யாரோ ஒருவர் வைத்திருந்ததால் ஒரு வரலாறே மாறியது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தட்டு இருக்கலாம். பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.